நிலை 5-ஐ விட்டு நேராக நிலை 6-க்கு அனுப்பலாமா?

கேள்வி: அண்ணாநகர் அம்மா

எங்கள் மகளுக்குப் பத்து வயது. வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் பழகும் ஜிம்னாஸ்டிக்ஸ் மையம், அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு வகுத்திருக்கும் பத்து நிலைகளைப் பின்பற்றித்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறது. அதே முறையில் நடக்கும் வேறு சில மையங்களோடு சேர்ந்து ஆண்டுக்குச் சில போட்டிகளையும் நடத்துகிறது. இந்த ஆண்டு அவள் நிலை 4-இல் போட்டியிட்டாள். ஓடிவந்து மேசையைத் தாண்டும் வால்ட்டிலும், தரை விரிப்பில் இசைக்கேற்பச் செய்யும் ஃப்ளோரிலும் நல்ல மதிப்பெண் வந்தது. கம்பிகளில் சுழலும் பாரில், தொங்கி ஊசலாடிக் கம்பியின் மேல் ஏறும் கிப் பெரும்பாலும் வந்துவிடுகிறது, ஆனால் பயிற்சியின் கடைசி அரைமணியில் முழங்கை மடங்கத் தொடங்கிவிடும். ஒடுங்கிய உயரக் கட்டையின் மேல் செய்யும் பீம்தான் கவலை. முன்பக்கமாகச் செய்வதையெல்லாம் தயக்கமின்றிச் செய்கிறாள். ஆனால் தரையில் போட்ட கோட்டின் மேல் பேக் வாக்ஓவரை (பின்னால் வளைந்து கைகளை ஊன்றிக் கால்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் அசைவு) அழகாகச் செய்பவள், உயர பீமில் ஏறியதும் கைகளைத் தூக்கியபடி நின்றுகொண்டே நேரத்தைக் கடத்துகிறாள்.

பயிற்சியாளர் எங்களை அழைத்து, நிலை 5-ஐ விட்டுவிட்டு நேராக நிலை 6-க்கு அனுப்பலாம் என்று சொன்னார். அடுத்த ஆண்டு நிலை 5-இல் மிகச் சில பிள்ளைகளே இருப்பார்கள் என்றும், இவளுடைய தோழிகள் இருவர் நிலை 6-க்குப் போகிறார்கள் என்றும், எல்லோருக்கும் பொதுவான அசைவு வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்வது இவளுக்குச் சலித்துவிட்டது என்றும் காரணங்கள் கூறினார். மகளுக்கோ தனக்கென்று ஓர் இசையும் தனக்கென்று ஒரு ஃப்ளோர் வரிசையும் கிடைக்கும் என்பதே போதுமானதாக இருக்கிறது. இப்போது வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் பயிற்சி. நிலை 6 குழுவில் அது ஐந்து நாளாகி, பதினாறு மணி நேரம் ஆகும்.

என் கணவருக்கு இதில் முழுச் சம்மதம். ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 14 வயதில் ஒலிம்பிக்கில் பத்துக்குப் பத்து வாங்கினார் என்று நினைவூட்டுகிறார். என் மாமியாரோ, குழந்தை நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, எதற்கு இந்த அவசரம் என்கிறார். இருவர் சொல்வதும் சரியாகவே படுவதால்தான் இங்கே கேட்கிறேன். இந்த முடிவை எதை வைத்து எடுக்க வேண்டும்? பயிற்சியாளரிடம் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில்: சுண்ணத்தூள்

வணக்கம் அம்மா. நான் போட்டியிட்ட காலம் போய், இப்போது வடசென்னையில் சிறுமிகளுக்குப் பயிற்சி அளிக்கிறேன். எங்கள் மையத்திலும் இந்த நிலைகளைத்தான் பின்பற்றுகிறோம் என்பதால், முதலில் 5-க்கும் 6-க்கும் இடையில் உண்மையில் என்ன மாறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர்கள் பலர் இதை வெறும் எண்ணாகவே பார்க்கிறார்கள்.

அமெரிக்க முறையில் 1 முதல் 5 வரையுள்ள நிலைகள் கட்டாய வரிசைகள். நாடு முழுவதும் எல்லாச் சிறுமிகளும் ஒரே அசைவுகளை ஒரே ஒழுங்கில் செய்வார்கள். ஃப்ளோருக்கு இசையும் ஒன்றே. யார் சுத்தமாகச் செய்கிறார் என்பது மட்டும்தான் அங்கே போட்டி. 6 முதல் 10 வரையுள்ளவை விருப்ப வரிசைகள். நிலை 6-இல் வால்ட் தவிர்த்த மூன்று கருவிகளிலும் ஐந்து ஏ மதிப்பு (மிக எளிய தரம்) அசைவுகளும் ஒரு பி மதிப்பு (அதற்கு அடுத்த தரம்) அசைவும் இருக்க வேண்டும்; அதோடு ஒவ்வொரு கருவிக்கும் உரிய நான்கு சிறப்புத் தேவைகளையும் நிறைவேற்ற வேண்டும், ஒன்று குறைந்தால் 0.5 போய்விடும். இந்த எல்லைக்குள் எந்த அசைவைத் தேர்ந்தெடுப்பது என்பது பயிற்சியாளரின் கையில் இருக்கிறது.

ஆகவே 6 என்பது 5-ஐவிட எப்போதும் கடினமானது என்று சொல்லிவிட முடியாது. நிலை 5-இல் தப்ப வழியில்லை. வராத அசைவு வரிசையில் இருந்தால் அது எல்லோர் முன்னாலும் வராமலேதான் போகும். நிலை 6-இல் திறமையான பயிற்சியாளர் ஒருவர் பிள்ளையின் பலவீனத்தைச் சுற்றி வரிசையை அமைத்துவிடலாம். அமெரிக்காவில்கூட, குறைந்தபட்ச மொத்த மதிப்பெண்ணை ஒரே ஒரு போட்டியில் காட்டிவிட்டு அடுத்த நிலைக்குப் போய்விடும் வழக்கம் மிகவும் சாதாரணமானது. எனவே நிலை தாண்டுவதை மேதைமையின் அடையாளமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆபத்தின் அடையாளமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த நிலையில் கற்றிருக்க வேண்டியதைக் கற்காமலே தாண்டுவது வேறு விஷயம். நிலை 4-க்கும் 5-க்கும் வால்ட் ஏறத்தாழ ஒன்றுதான், மேசையின் மேல் கைகளை ஊன்றித் தாண்டும் ஹேண்ட்ஸ்ப்ரிங். வேறுபாடு பாரிலும் ஃப்ளோரிலும் வருகிறது. ஃப்ளோரில், கைகளை ஊன்றித் திரும்பும் ரவுண்டாஃபுக்குப் பிறகு, கைகளை ஊன்றிப் பின்னால் புரளும் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்கை இரண்டு முறை செய்தவள், அதில் ஒன்றை விட்டுவிட்டு, கை ஊன்றாமல் காற்றிலேயே பின்கரணம் அடிக்கும் பேக் டக் போட வேண்டும். பாரில், இடுப்பு கம்பியைத் தொடாமல் சுற்றும் கிளியர் ஹிப்பும், கம்பியை விட்டுப் பின்கரணம் அடித்து இறங்கும் ஃப்ளையவே இறக்கமும் சேர்கின்றன. இவை, உடலை நீட்டிக் கம்பியைச் சுற்றி முழு வட்டமடிக்கும், அடுத்து வரப்போகும் ஜெயன்ட் சுழற்சிக்கு அடித்தளம். கை மடங்கிய கிப்பும் தோள் திறக்காத கிளியர் ஹிப்பும் உள்ள பிள்ளையை நிலை 6-இல் மறைத்து வைக்கலாம். நிலை 7-இல் மறைக்க முடியாது. நான் பார்த்தவரை, தாண்டிவந்த பிள்ளைகள் தடுமாறுவது தாண்டிய ஆண்டில் அல்ல, அதற்கு அடுத்த ஆண்டில்தான். அப்போது இந்த முடிவை யாரும் நினைவில்கூட வைத்திருப்பதில்லை. பிள்ளைக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

எனவே அவளுடைய வால்ட் மதிப்பெண்ணையும் ஃப்ளோர் மதிப்பெண்ணையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மிகவும் பலவீனமான கருவி எதுவோ அதை மட்டும் வைத்து முடிவெடுங்கள். பயிற்சியாளரிடம் நிலை 6-க்கென அவர் மனத்தில் வைத்திருக்கும் பீம் வரிசையையும் பார் வரிசையையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு அசைவையும் அவள் இன்று எங்கே செய்கிறாள் என்று கேளுங்கள்: தாழ்வான பீமிலா, மெத்தை அடுக்கிய பீமிலா, வெறும் உயர பீமிலா, பயிற்சியாளர் கை கொடுத்தா, கொடுக்காமலா, வந்த புதிதிலா, களைத்த பிறகா. எழுதித் தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான்.

தோழிகள் போகிறார்கள், நிலை 5-இல் ஆள் இல்லை என்ற காரணங்கள் மையத்தின் நிர்வாக வசதியைச் சேர்ந்தவை. அதில் தவறொன்றும் இல்லை. நானும் அந்தக் கணக்கைப் போடுகிறவள்தான். ஆனால் அதை உங்கள் மகளின் தகுதிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சலிப்பு என்பது மட்டும் சற்று யோசிக்க வேண்டிய காரணம். சலித்த பிள்ளை கவனம் இல்லாமல் தாவும்; பாரின் மேல் கவனக்குறைவு நல்லதல்ல.

பதில்: தாம்பரத்துத் தகப்பன்

என் மகள் ஜிம்னாஸ்டிக்ஸில் பள்ளிப் போட்டிகள் வழியாக மாவட்டம், மாநிலம் என்று போய்க்கொண்டிருக்கிறாள். பயிற்சி நுணுக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்த எண்ணுக்கு வெளியே என்ன மதிப்பு என்பதைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் மையத்தின் வாசலைத் தாண்டினால் நிலை 5, நிலை 6 என்று யாரும் கேட்பதில்லை. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்றுதான் பிரிகின்றன. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் 18 வயதுக்கு உட்பட்டோர் பங்கேற்றார்கள். தேசிய அளவிலான போட்டிகளிலும் வயதுதான் பிரிவைத் தீர்மானிக்கிறது. ஆக, உங்கள் மகள் இன்று 5-இல் இருக்கிறாளா 6-இல் இருக்கிறாளா என்பது, அவள் 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் மாவட்டத் தேர்வுக்குப் போய் நிற்கும்போது ஒரு பொருட்டே அல்ல. அங்கே அவளால் என்ன செய்ய முடிகிறது என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதை மனத்தில் வைத்துச் சில பெற்றோர் அவசரப்படுகிறார்கள். தனியார் மையங்கள் தங்களுக்குள் நடத்தும் போட்டியின் சான்றிதழை நம்பி அந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிலைப் போட்டிகளில் பீமிலிருந்து விழுந்தால் 0.5 கழிப்பார்கள். சர்வதேச விதிப்படி நடக்கும் போட்டியில் ஒரு விழுகைக்கு 1.0 போய்விடும். கடினமான அசைவுகளைச் சேர்த்து உயர்த்தும் தொடக்க மதிப்பெண்ணை ஒரே ஒரு விழுகை விழுங்கிவிடும் என்பதை நான் அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். பீமில் நின்றுகொண்டு நேரம் கடத்தும் பிள்ளைக்கு இது சிறிய விஷயம் இல்லை.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. கொமனேச்சி 1976-இல் மான்ட்ரியாலில் அந்தப் பத்தை வாங்கியபோது அவருக்கு 14 வயது என்பது உண்மைதான். ஆனால் இன்றைய விதிப்படி அந்த வயதில் அவரால் ஒலிம்பிக் அரங்குக்குள் நுழைந்திருக்கவே முடியாது. மகளிர் முதுநிலைப் போட்டிக்குரிய குறைந்தபட்ச வயது 1981-இல் 15 ஆனது, 1997 முதல் அந்த ஆண்டில் 16 நிறைய வேண்டும் என்று ஆனது. குழந்தைகளை விரைவுபடுத்தக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் நாட்டு எடுத்துக்காட்டே வேண்டுமென்றால் தீபா கர்மாகரைப் பாருங்கள். 2016-இல் ரியோவில் வால்ட் இறுதிச்சுற்றில் 15.066 மதிப்பெண் பெற்று, 0.150 வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடத்தில் வந்தபோது அவருக்கு வயது 23. முழங்கால் அறுவைச் சிகிச்சையையும் கடந்து, 2024-இல் ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டியில் வால்ட்டில் தங்கம் வென்றபோது 30. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா டோக்கியோவில் களமிறங்கியது 46 வயதில். பத்து வயதில் ஓராண்டைச் சேமித்து வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

பதில்: மயிலை வாசகி

எனக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியாது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் சலிப்பாக இருக்கிறது என்று சொல்லி, நேராக வர்ணத்துக்குப் போக விரும்பும் பெற்றோர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அப்படித் தாவிய பிள்ளை வர்ணத்தைப் பாடிவிடும். ஆனால் இரண்டாம் காலத்தில் எடுத்துப் பாடச் சொன்னால் தாளம் கையை விட்டுப் போய்விடும். உங்கள் மாமியார் சொல்வதுதான் எனக்குச் சரி என்று படுகிறது. பெரியவர்கள் காரணம் சொல்லத் தெரியாமல் சொல்வதில் சில நேரம் காரணம் இருக்கிறது.

பதில்: சுண்ணத்தூள்

மயிலை வாசகி அவர்களுக்கு, தங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். அடிப்படையைப் பற்றித் தாங்கள் சொல்வது சரி. ஆனால் ஒப்பீடு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. அபஸ்வரம் விழுந்தால் பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து பாடும். காற்றில் பாதி வழியில் மனத்தை மாற்றிக்கொண்ட பேக் டக்குக்கு அந்த வசதி இல்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லா அசைவும் கைவந்துவிட்ட பிள்ளையை ஒழுங்குக்காக மட்டும் இன்னோர் ஆண்டு அதே வரிசையில் வைத்திருந்தால், புதிதாகக் கற்கக் கூடிய நல்ல வயதை வீணாக்கிவிடுவோம். எட்டு வயது முதல் பத்து, பதினொன்று வரை உடல் சிறியதாகவும் இலேசாகவும் இருக்கிறது, பயமும் குறைவு. ஆகவே தாண்டவே கூடாது என்பது என் வாதமல்ல; என் மாணவிகளில் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். அண்ணாநகர் அம்மாவின் மகள் ஃப்ளோரில் ஒருவேளை நிலை 6-க்கு ஏற்கெனவே தயாராக இருக்கலாம். நான்கு கருவிக்கும் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டியிருப்பதுதான் இந்த முறையின் சங்கடம்.

பதில்: இயன்முறை

நான் விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட். இதுவரை எல்லோரும் நிலையைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது வேறு: பன்னிரண்டு மணி நேரம் பதினாறு ஆகிறது.

வளரும் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் எளிய வரம்பு ஒன்று உண்டு. ஒரே விளையாட்டில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது பிள்ளையின் வயதைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸில் உலகம் முழுவதுமே இந்த வரம்பு மீறப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஏற்கெனவே பன்னிரண்டில் இருக்கும்போது, ஒரே பாய்ச்சலில் மூன்றில் ஒரு பங்கு கூட்டுவதும், அதே மாதத்தில் புதிய கடினமான அசைவுகளைத் தொடங்குவதும், ஆறாம் வகுப்பின் புதிய பாடச்சுமையும் சேர்ந்து வருவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. காயங்கள் பெரும்பாலும் சுமை திடீரென்று கூடும் வாரங்களில்தான் வருகின்றன. நிலை மாற்றத்தையும் நேர மாற்றத்தையும் பிரித்துக் கேளுங்கள். நிலை 6-க்குப் போனாலும் முதல் சில மாதங்கள் பழைய நேரத்திலேயே தொடர முடியுமா? முடியாது என்றால், ஏன்?

அவள் இப்போது வளர்ச்சி வேகம் எடுக்கப்போகும் வாசலில் நிற்கிறாள். பெண் பிள்ளைகள் பலருக்கு அது பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டி உச்சத்துக்கு வருகிறது. எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்துப் பகுதி உண்டு. முற்றிய எலும்பைவிட அது மென்மையானது. ஜிம்னாஸ்டிக்ஸில் உடல் எடை முழுவதும் கைகளின் மேல் விழுவதால், மணிக்கட்டில் ஆரை எலும்பின் வளர்ச்சித் தட்டு அழுத்தத்துக்கு உள்ளாகிறது. குதிகாலும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள மேடும் வலிப்பதும் இந்த வயதில் அடிக்கடி வருபவை. பின்பக்கமாக வளையும் அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கீழ் முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்படக்கூடும். மணிக்கட்டு வலியோ, பின்னால் வளைந்தால் மட்டும் வரும் முதுகு வலியோ ஓரிரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், தைலம் தடவிவிட்டு அனுப்பாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மாதம் ஒரு முறை உயரத்தை அளந்து சுவரில் குறித்து வையுங்கள். உயரம் சட்டென்று கூடும் மாதங்களில், நேற்று வந்த அசைவு இன்று வராது. நெகிழ்வு குறையும், சுழற்சியின் வேகம் மாறும். அது சோம்பலும் அல்ல, பயமும் அல்ல. தாண்டும் முடிவு அந்த மாதங்களில் வந்து விழாமல் இருப்பது நல்லது.

பீமில் நிற்பதைப் பற்றி. தரையில் செய்ய முடிகிற அசைவை உயரத்தில் செய்ய மறுப்பது இந்த விளையாட்டில் மிகவும் பொதுவானது. பின்பக்க அசைவில் போகும் இடம் கண்ணுக்குத் தெரியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் உலகச் சாம்பியன் சிமோன் பைல்ஸ் காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பிப்போவதைக் கண்டு அணி இறுதிச்சுற்றிலிருந்து விலகியதை உலகமே பார்த்தது. அவரே நின்றார் என்றால் பத்து வயதுப் பிள்ளை நிற்பதில் வியப்பில்லை. மிரட்டியோ தோழிகளோடு ஒப்பிட்டோ அதைச் செய்ய வைத்தால் பயம் வேறோர் அசைவுக்குத் தாவும். பீமின் உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும், அடுக்கிய மெத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்தும் போவதே வழி.

இறுதியாகச் சாப்பாடு. மதியம் பள்ளியில் தயிர்சாதம் சாப்பிட்ட பிள்ளை, நேராகப் பயிற்சிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினால், இடையில் அவள் வயிற்றில் ஒன்றுமே இல்லை. பயிற்சிக்கு முன்னால் வாழைப்பழமோ சுண்டலோ கடலை உருண்டையோ கொடுத்து அனுப்புங்கள். எடையைப் பற்றி யாரேனும் அவளிடம் பேசினால், அது பயிற்சியாளராகவே இருந்தாலும், நீங்கள் குறுக்கிடுங்கள்.

அண்ணாநகர் அம்மா

எல்லோருக்கும் நன்றி. சுண்ணத்தூள் அவர்கள் சொன்னபடி, பயிற்சியாளரிடம் நிலை 6 வரிசைகளை எழுதித் தரும்படி கேட்டோம். அவர் தயங்கவில்லை, அப்போதே எழுதித் தந்தார். அவளுடைய பீம் வரிசையில் பேக் வாக்ஓவர் இருக்கிறது. அதை வெறும் பீமில் அவள் இதுவரை தனியாகச் செய்ததில்லை என்பதை அவரே சொன்னார். ஆறு மாதத்தில் வந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. பாரில் கிளியர் ஹிப்பை இப்போதைக்கு அவர் கை கொடுத்துத்தான் செய்கிறாள். ஃப்ளோரில் கேட்டதெல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பயிற்சி நேரத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டபோது அவர் சற்று யோசித்தார். ஐந்தாவது நாள் கட்டாயமில்லை, காலாண்டுத் தேர்வு வரை நான்கு நாளே வரட்டும் என்றார். நாங்கள் கேட்டிருக்காவிட்டால் ஐந்து நாள் என்றே போயிருக்கும். இப்போதைய ஏற்பாடு இதுதான்: நிலை 6 குழுவோடு பயிற்சி செய்வாள், ஆனால் வரும் பருவத்தின் முதல் போட்டியில் நிலை 5-இல்தான் இறங்குவாள். பாரிலும் பீமிலும் கை கொடுக்காமல் முழு வரிசையையும் முடித்தால் அதற்கடுத்த போட்டியில் நிலை 6. இல்லையென்றால் அந்தப் பருவம் முழுவதும் நிலை 5-இலேயே இருப்பாள். இதை மகளிடமும் சொன்னோம். முதலில் முகம் வாடியது. நிலை 6-க்கான இசையை இப்போதே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றதும் சமாதானம் ஆகிவிட்டாள். என் கணவருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. மாமியாருக்கும் இல்லை.

இன்னொரு சிறு சந்தேகம். நிலை 6 குழுவில் எல்லோரும் பாருக்குத் தோல் கிரிப் (கம்பியைப் பிடிக்க உள்ளங்கையில் மாட்டும் தோல் பட்டை) அணிகிறார்கள். இவள் இதுவரை வெறும் கையில், வழுக்காமலிருக்கப் போடும் வெள்ளை சாக் தூளைப் பூசித்தான் செய்கிறாள். அதே குழுவில் ஒரு பெரிய பெண் தன் பழைய கிரிப்பைத் தருவதாகச் சொல்கிறாள். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: தாம்பரத்துத் தகப்பன்

நல்ல ஏற்பாடு. அந்த முதல் போட்டி பள்ளித் தேர்வோடு மோதாமல் இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் என்றால் மழையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கிரிப்பைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் மேலே இருக்கிறார்.

பதில்: சுண்ணத்தூள்

வேண்டாம் அம்மா. பழகிய கிரிப்பின் தோல் இன்னொரு கையின் அளவுக்கு நீண்டிருக்கும். நீண்டுபோன தோல் பாரைச் சுற்றி மடிந்து சிக்கிக்கொண்டால், உடல் சுழன்றுகொண்டிருக்கும்போது கை மட்டும் நின்றுவிடும். மணிக்கட்டு முறிவதற்கு அது போதும். புதிதாகவே வாங்குங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, அந்த அளவுக்கு ஏற்றதைக் கேளுங்கள். பெண்களுக்கான பார் கிரிப்பில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்குமாக இரண்டு துளைகள் இருக்கும். ஆண்களுக்கான ஹை பார் கிரிப் மூன்று விரலுக்கு உரியது, அதைத் தவறி வாங்கிவிட வேண்டாம். வளரும் கை என்று சொல்லிப் பெரிதாக வாங்கவும் கூடாது. பள்ளிச் சீருடைக்குச் செய்வதை இங்கே செய்ய முடியாது.

வாங்கிய பிறகு பழக்கப்படுத்த வாரக்கணக்கில் ஆகும். முதலில் வெறும் ஊசலாட்டம், பிறகு கிப், பிறகுதான் மற்றவை. புதுக் கிரிப்பில் கிப் சில நாள் வராமலே போகும். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் மறந்துபோய்விட்டது என்று அழுவாள். ஆகவே அந்த நிலை 5 போட்டியை வெறும் கையிலேயே முடித்துவிட்டு, அதற்குப் பிறகு கிரிப்பைத் தொடங்குங்கள்.